ஷோலேயின் இரண்டு கிளைமாக்ஸ்: பழைய படம் மறுபடி தியேட்டருக்கு வரும்போது சென்சார் எதைப் பார்க்கிறது?

1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான இந்திப் படம் ‘ஷோலே’யின் கடைசிக் காட்சியில் போலீஸ் வந்துவிடும். முன்னாள் போலீஸ் அதிகாரி தாக்கூரைத் தடுத்து, கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் கைது செய்து கொண்டுபோகும். 2025 டிசம்பர் 12 அன்று அதே படம் 4கே மறுசீரமைப்பாகத் திரும்பி வந்தபோது போலீஸ் வரவில்லை. கைகளை இழந்த தாக்கூர், ஆணி பதித்த செருப்புக் காலால் கப்பரைக் கொல்கிறார். தலைப்பு ஒன்றுதான், இயக்குநர் ரமேஷ் சிப்பிதான், நடிகர்களும் அவர்களேதான். ஆனாலும் சான்றிதழ்ச் சட்டத்தின் கணக்கில் இவை ஒரே படம் அல்ல.

மறுவெளியீட்டில் இறங்கும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். “2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழ் நிரந்தரம், பழைய சர்டிபிகேட்டே போதும்” என்கிறார்கள். சான்றிதழ் நிரந்தரம்தான், மறுப்பில்லை. ஆனால் அது தலைப்புக்குக் கொடுத்த சான்றிதழ் இல்லை. இத்தனை மீட்டர் நீளம், இன்னின்ன வெட்டுகளுக்குப் பிறகு, இந்த ஒலியோடு கூடிய ஒரு பிரதிக்குக் கொடுத்தது. நீங்கள் திரையிடப்போவது அந்தப் பிரதிதானா என்பதுதான் கேள்வி. ஐம்பது வருடப் படத்துக்கு அதற்குப் பதில் சொல்வது விண்ணப்பம் போடுவதைவிடக் கஷ்டம்.

சட்டத்தின் ஓட்டம்

1952 ஒளிப்பதிவுச் சட்டம் சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள்தான் கொடுத்திருந்தது. 1952இல் வந்த படம் அறுபதுகளில் மறுபடி ஓட வேண்டுமென்றால் மறுபடி சென்சாருக்குப் போக வேண்டும். பழைய படத்தின் டிவிடியில், படம் வெளியான வருடத்துக்கு வெகுகாலம் பிந்திய தேதியிட்ட சான்றிதழ் ஓடுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான். ஒவ்வொரு முறை போனபோதும் புதிதாக ஏதாவது வெட்டுப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே கையில் இருக்கும் சான்றிதழ் முதல் சான்றிதழ்தான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பத்து வருடக் கட்டுப்பாட்டை நிர்வாக உத்தரவால் நடைமுறையில் தளர்த்தியிருந்தார்கள் என்றாலும், சட்டத்தின் வாசகம் மாறியது 2023 திருத்தத்தில்தான். யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாக உடைத்ததும் அதே திருத்தம். 1983 விதிகளின் இடத்துக்கு 2024 மார்ச்சில் புதிய சான்றிதழ் விதிகள் வந்தன.

மறுவெளியீட்டுக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி ஒன்று உண்டு. 1983 விதிகளில் அதன் எண் 33. சான்று பெற்ற படத்தில் பின்னால் எதையாவது நீக்கினாலோ, சேர்த்தாலோ, வண்ணம் ஏற்றினாலோ, வேறு எந்த வகையில் மாற்றினாலோ, அதைத் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் மேற்குறிப்பு (மாற்றத்தை எழுதிச் சேர்க்கும் குறிப்பு) வாங்காமல் திரையிடக் கூடாது. ‘முகல்-ஏ-ஆஸம்’ 2004இல் வண்ணத்தில் வருவதற்கு இருபது வருடம் முன்பே “வண்ணம் ஏற்றுதல்” விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த விதிக்கு இருந்த முக்கிய வேலை வேறு: சென்சாரில் வெட்டியதையும், சென்சாருக்கே காட்டாததையும் தியேட்டரில் இடையில் செருகி ஓட்டிய ‘பிட்’ வியாபாரத்தைப் பிடிப்பது. இன்று அதே விதிதான் மரியாதைக்குரிய மறுசீரமைப்புக்கும் பொருந்துகிறது. மீறினால் சட்டத்தின் 7ஆம் பிரிவு: மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 20,000 ரூபாய் வரை கூடுதல் அபராதம். தியேட்டர்காரர் முதலில் சான்றிதழ் நகலைக் கேட்பது சும்மா இல்லை. மாட்டினால் அவரும் சேர்ந்துதான் மாட்டுவார்.

ஷோலேயில் நடந்தது

நெருக்கடி நிலை 1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்டது. படம் வர ஏழு வாரம்தான் இருந்தது. முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் சட்டத்தைக் கையில் எடுத்துக் கொல்வதை ஏற்க முடியாது என்பது தணிக்கையின் நிலை. ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே எடுத்து முடித்திருந்த முடிவைக் கைவிட்டு, போலீஸ் வரும் முடிவைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். வெறும் வெட்டு என்றால் இடைவெளியாவது காட்டிக்கொடுக்கும். இங்கே வெட்டிய இடத்தில் வேறு காட்சியே வந்து உட்கார்ந்துவிட்டதால், விஷயம் தெரியாதவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது.

பிறகு அந்த முதல் முடிவு எப்படிப் பிழைத்தது? சென்சார் வெட்டு வேலைவரிசையில் கடைசியில் வருவது. எடிட்டிங் முடிந்து, நெகட்டிவ் வெட்டி, பல சமயம் இடைநிலைப் பிரதிகளும் (நெகட்டிவுக்கும் பிரிண்டுக்கும் நடுவில் எடுக்கும் நகல்கள்) எடுத்த பிறகுதான் வாரியம் படத்தைப் பார்க்கும். வெட்டச் சொன்னால், அந்தத் துண்டின் நெகட்டிவையும் பாசிட்டிவையும் வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஊரில் இருக்கும் மூல நெகட்டிவில் அது கிடைப்பது அரிது. வெட்டுக்கு முன்னால் எடுத்து வெளியூர் லேபுக்கோ வெளிநாட்டுக்கோ போன இடைநிலைப் பிரதியில்தான் அது தப்பிக்கும். ‘ஷோலே’ 35 எம்எம்மில் எடுத்து 70 எம்எம்முக்குப் பெரிதாக்கிய படம். ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், சிப்பி ஃபிலிம்ஸுடன் சேர்ந்து 2022இல் வேலையைத் தொடங்கியபோது, மூல கேமரா நெகட்டிவ் வினிகர் நோயில் (ஃபிலிமின் அடித்தளமே சிதைந்து புளித்த வாடை அடிக்கும் கேடு) பயன்படுத்த முடியாத அளவு கெட்டிருந்தது. பிரிட்டனில் ஒரு கிடங்கில் இருந்த இன்டர்பாசிட்டிவ், கலர் ரிவர்சல் என்ற இரண்டு வகை இடைநிலைப் பிரதிகளும்தான் கைகொடுத்தன. இத்தாலியின் பொலோன்யா நகரத்து லேபில் மறுசீரமைத்து, 2025 ஜூனில் அதே ஊரின் திறந்தவெளிச் சதுக்கத்தில் முதலில் காட்டினார்கள். நீளம் 209 நிமிடம். இயக்குநரின் முடிவோடு, நீக்கப்பட்டிருந்த இரண்டு காட்சிகளும் திரும்ப வந்தன.

இந்த முடிவு அதற்கு முன் யாரும் பார்க்காதது இல்லை. வீடியோ பிரதிகளில் வெகுகாலமாக உலவியது. ஆனால் வீடியோவில் உலவியது என்பது தியேட்டருக்கு அனுமதி ஆகாது. விதி 33இன் சொற்களில் வைத்துப் பார்த்தால் இது சிறு மேற்குறிப்பில் முடியும் சமாசாரமும் இல்லை. கதையின் தீர்ப்பே மாறுகிறது. இந்த அளவு மாற்றம் என்றால் புதிய படமாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்று திட்டமிட்டுக்கொள்வதுதான் விவேகம்.

பிரதியை அடையாளம் காண்பது

தமிழ்ப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1960களின் படம், சான்றிதழில் 35 எம்எம், 4,572 மீட்டர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர். 4,572 மீட்டர் என்பது 15,000 அடி. படம் 166 நிமிடம் 40 நொடி ஓட வேண்டும்.

இப்போது டிவிக்காக எப்போதோ எடுத்த டேப் கையில் கிடைக்கிறது. ஓட்டம் சரியாக 160 நிமிடம். “ஆறரை நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள்” என்று பதற வேண்டாம். ஒரு ஃப்ரேம்கூடப் போகவில்லை. நம் நாட்டு வீடியோ முறையான ‘பால்’ (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும். 24இல் எடுத்த படம் அதில் 4 சதவீதம் சுருங்கும். 166:40 அப்படியே 160:00 ஆகிவிடும். சரிபார்க்க எளிய வழி பாட்டு: இசைத்தட்டில் உள்ள பாட்டையும் டேப்பில் உள்ள பாட்டையும் ஒன்றாக ஓட்டுங்கள். வேகம் கூடிய டேப்பில் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். வீடியோ காலத்துச் சான்றிதழ்களில் நிமிடக் கணக்கே இப்படிச் சுருங்கிய டேப்பிலிருந்து வந்திருக்கலாம். அதை வைத்து இன்றைய 24 ஃப்ரேம் டிசிபியை (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) ஒப்பிட்டால், இல்லாத காட்சியைச் சேர்த்துவிட்டதுபோல் கணக்குக் காட்டும்.

70 எம்எம் பிரதியாக இருந்தால் வேறு கணக்கு. அதில் அடிக்கு 12.8 ஃப்ரேம், நிமிடத்துக்கு 34.29 மீட்டர். 209 நிமிடப் படம் 35 எம்எம்மில் ஏறத்தாழ 5,733 மீட்டர், 70 எம்எம்மில் 7,167 மீட்டர். எந்த அகலம் என்று பார்க்காமல் மீட்டரை நிமிடமாக்கினால் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிசகும்.

அதே தமிழ்ப் படத்தின் பிரிண்டை ஸ்கேன் செய்து 158 நிமிடம் 20 நொடி வருகிறது என்றால் கதை வேறு. 8 நிமிடம் 20 நொடி, 750 அடி உண்மையிலேயே இல்லை. அது போன வழி மூன்றில் ஒன்று. சென்சார் வெட்டு, தியேட்டர் வெட்டு, தேய்மானம். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாமல் வாரியத்துக்கு மாற்றப் பட்டியல் எழுதக் கூடாது.

தேய்மானம் ரீலின் தலையிலும் வாலிலும் விழும். ரீல் முடியும் இடத்தில் திரையின் வலது மேல் மூலையில் இரண்டு முறை புள்ளி வரும்: முதல் புள்ளி முடிவுக்கு ஏறத்தாழ 8 நொடி முன்னால் அடுத்த புரொஜெக்டரைக் கிளப்ப, இரண்டாவது சுமார் 1 நொடி முன்னால் மாற்றிவிட. அந்தப் புள்ளிகள் காணோம் என்றால் வால் போய்விட்டது என்று அர்த்தம். தியேட்டர் வெட்டு பெரும்பாலும் பாட்டிலும் காமெடி டிராக்கிலும் நடக்கும். நான்காவது காட்சி நேரத்தோடு முடிய வேண்டும் என்று ஆபரேட்டர் எடுத்துவிட்டது. அது ஒவ்வொரு பிரிண்டிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். சென்சார் வெட்டோ எல்லாப் பிரிண்டிலும் ஒரே இடத்தில், ஷாட் விளிம்பில் சுத்தமாக இருக்கும்.

இதை உறுதிசெய்ய ஒலியைக் கேட்கலாம். 35 எம்எம் பிரிண்டில் ஒளியியல் ஒலித்தடம், அதற்குரிய படத்தைவிடச் சுமார் 20 ஃப்ரேம் முன்னால் பதிந்திருக்கும். பிரிண்டைக் கத்தரித்து ஒட்டியிருந்தால் முதலில் படம் தாவும், ஏறத்தாழ 0.8 நொடி கழித்து ஒலி தாவும். நடுவில் வாயசைவு ஒட்டாது. நெகட்டிவிலேயே வெட்டியிருந்தால் படமும் ஒலியும் ஒரே நொடியில் மாறும். ஆக, படமும் ஒலியும் சேர்ந்து தாவினால் அது தயாரிப்பாளரோ சென்சாரோ வெட்டியது. ஒலி பிந்தித் தாவினால் தியேட்டரில் நடந்தது. 70 எம்எம் காந்த ஒலியில் ஒலித்தலை படச் சட்டகத்துக்கு மேலே இருப்பதால் இது தலைகீழ்: ஒலி முந்திக்கொள்ளும்.

தாள் ஆதாரங்களில் முதலிடம் சென்சார் ஸ்கிரிப்டுக்கு. விண்ணப்பத்தோடு கொடுத்த அந்த வசனப் பிரதி, வாரியம் பார்த்தது என்ன என்பதற்கு நேரடிச் சாட்சி. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இவை சேமிக்கப்பட்டிருக்கின்றன. சான்றிதழின் இரண்டாம் பகுதியில் வெட்டுகளும் மாற்றங்களும் எழுதப்பட்டிருக்கும். பலர் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைத்துவிட்டு இரண்டாம் பகுதியைத் தொலைத்திருப்பார்கள். நமக்கு மட்டும் வாய்த்த ஒரு சாட்சி தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். பிரிண்டில் இல்லாத ஒரு பாட்டு அதில் இருந்தால், வெளியீட்டு நேரத்தில் அது படத்தில் இருந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் புத்தகம் பல சமயம் படத்துக்கு முன்பே அச்சாகிவிடும். ஆகவே அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

மறுசீரமைப்பே செய்யும் மாற்றங்கள்

வெட்டுகளில் கவனமாக இருப்பவர்கள்கூடச் சட்டகத்தில் கோட்டை விடுகிறார்கள். பழைய 1.37 சட்டகப் படத்தை (உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலம்) இன்றைய 2.39 அகலத்திரைக்கு ஏற்ப வெட்டினால் உயரத்தில் 43 சதவீதம் போய்விடும், 1.85க்கு வெட்டினால் 26 சதவீதம். தலை அறுபடும், டைட்டிலில் தொழில்நுட்பக் கலைஞர் பெயர் விழுந்துவிடும். மறுபக்கமும் உண்டு: நெகட்டிவின் முழு அகலத்தையும் ஸ்கேன் செய்தால், தியேட்டரில் மாஸ்க் மறைத்துவைத்திருந்த மைக்கும் கேமரா ஓடும் தண்டவாளமும் தெரிய வரும். நீளம் மாறவில்லை என்பதால் இது மாற்றமே இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. “வேறு எந்த வகையிலும்” என்ற சொல் விதியில் இருக்கும்போது அந்த வாதத்தை நம்பி தியேட்டரைப் புக் செய்ய மாட்டோம். எங்களைக் கேட்டால், சென்சாரே வேண்டாம், ரசனைக்காகவே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு 1.37ஆகவே காட்டலாம்.

ஒலியும் அப்படித்தான். 1964இன் ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டிஜிட்டலாக வந்து ஓடிய ஓட்டம்தான் தமிழில் மறுவெளியீட்டுக்கு வாசல் திறந்தது. அதற்குப் பிறகு மோனோ ஒலியை 5.1 ஆக்காமல் யாரும் வருவதில்லை. இருக்கும் ஒலியைச் சுத்தம் செய்து பரப்புவது ஒன்று. பின்னணி இசையைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பதும், கெட்டுப்போன வசனத்துக்கு டப்பிங் கொடுப்பதும் வேறு. பின்னவை இரண்டும் பட்டியலில் வர வேண்டும்.

2025 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். ‘ராஞ்சனா’வின் தமிழ்ப் பதிப்பான ‘அம்பிகாபதி’, நாயகன் பிழைத்துக்கொள்வதாக ஏஐ கொண்டு மாற்றிய முடிவோடு தமிழ்நாட்டில் மறுவெளியீடானது. 2013இல் வந்த மூலத்தில் அவன் இறந்துவிடுவான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் பகிரங்கமாக எதிர்த்தார்கள். படத்தின் உரிமை தங்களிடம் இருக்கிறது என்பது தயாரிப்பு நிறுவனமான ஈராஸின் பதில். பதிப்புரிமைச் சட்டத்தைத் திறந்தால் அவர்களுக்கு அங்கே பிடி இருக்கிறது: திரைப்படத்தைப் பொறுத்தவரை ‘ஆசிரியர்’ என்று சட்டம் சொல்வது தயாரிப்பாளரை, இயக்குநரை அல்ல. படைப்பு சிதைக்கப்படாமல் காக்கும் 57ஆம் பிரிவும் ஆசிரியருக்குத்தான். கதை, வசனம் எழுதியவருக்குத் தன் எழுத்தின் மேல் தனி உரிமை உண்டு, இயக்குநர் மட்டும் நடுவில் நிற்கிறார்.

‘ஷோலே’யில் இயக்குநரின் முடிவு திரும்பி வந்தது, ‘அம்பிகாபதி’யில் இயக்குநரின் முடிவு போனது. நியாயம் எந்தப் பக்கம் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. ஆனால் மாற்ற விதிக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டுமே அதன் கண்ணில் ‘நீக்கம் மற்றும் சேர்ப்பு’. இயக்குநர் சம்மதித்தாரா என்று பார்ப்பது வாரியத்தின் வேலை இல்லை, அந்த வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது.

மேற்குறிப்பா, புதுச் சான்றிதழா

விண்ணப்பம் வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில், படத்துக்கு உரிய மண்டல அலுவலகத்துக்குப் போகும். தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் சென்னை. விண்ணப்பதாரர் தயாரிப்பாளரோ உரிமையாளரோ இல்லையென்றால் முத்திரைத் தாளில் அதிகாரக் கடிதம் வேண்டும். பழைய படங்களில் இழுபறி இங்கேதான் தொடங்கும்: நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், தியேட்டர் உரிமை ஏரியா வாரியாகப் பலரிடம், டிவி உரிமை இன்னொருவரிடம். திரைப்படப் பதிப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1964 படத்துக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்தது. பாட்டுக்கும் இசைக்கும் கணக்கு வேறு, எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். படத்தின் உரிமை காலாவதியானாலும் சான்றிதழ் இல்லாமல் திரையிட முடியாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம் இது. மாற்றத்தைத் தெரிவித்து மேற்குறிப்பு கேட்டால், நடைமுறையில் மாறிய பகுதிகளைப் பற்றித்தான் பேச்சு. புதிய படமாக விண்ணப்பித்தால் படம் முழுவதும் இன்றைய குழுவின் முன் திறந்துவைக்கப்படும். 72 நிமிடத்துக்கு மேற்பட்ட படத்துக்கு அதிகாரியோடு ஆலோசனைக் குழு உறுப்பினர் நால்வர் உட்காருவார்கள். அவர்கள் கையில் இருப்பது 1991 வழிகாட்டுதல்கள். உடல், மனக் குறைபாடு உள்ளவர்களைக் கேலி செய்வது, பெண்களை இழிவுபடுத்துவது, குடியை நியாயப்படுத்துவது, சாதி மத இழிசொல் என்று அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அறுபதுகளின் ஒரு காமெடி டிராக்காவது சிக்கும். திக்குவாய், செவிட்டுத்தனம், மனைவியை அறைந்து ‘திருத்துவது’ ஆகியவை இல்லாத பழைய குடும்பப் படம் அபூர்வம். யு வாங்கிய படம் யு/ஏ ஆவது இப்படித்தான். அந்தக் காலத்தில் யுவும் ஏவும்தான் இருந்தன. யு/ஏ வந்தது 1983இல்.

வாதாட வழிகாட்டுதலிலேயே ஒரு பிடி உண்டு. படத்தை முழுமையாக, அதன் ஒட்டுமொத்த விளைவை வைத்து மதிப்பிட வேண்டும், படம் சித்தரிக்கும் காலத்தையும் சமகால மதிப்பீட்டையும் கருத வேண்டும் என்கிறது. ஓட்டை எங்கே என்றால், ‘படம் எடுக்கப்பட்ட காலம்’ என்ற சொல் அதில் இல்லை. 1965இல் 1965ஐப் பற்றியே எடுத்த சமூகப் படத்துக்குச் சித்தரிக்கும் காலமும் எடுத்த காலமும் ஒன்று, அதனால் தப்பலாம். புராணப் படத்துக்கும் ராஜா ராணிப் படத்துக்கும் அந்தச் சௌகரியம் இல்லை.

எங்கள் யோசனை சுருக்கமானது: வெட்டை எதிர்த்துப் பேசுங்கள், வயதுப் பிரிவில் விட்டுக்கொடுங்கள். யு/ஏ 16+ என்பது பெற்றோருக்கான அறிவுரை, தியேட்டர் வாசலில் யாரையும் தடுக்காது. டிவியிலும் யு/ஏ ஓடும். தனிச் சான்று வேண்டியது ஏ, எஸ் (மருத்துவர் போன்ற சிறப்புப் பார்வையாளருக்கு மட்டும்) பிரிவுக்குத்தான். ஒரு யுவைக் காப்பாற்றுவதற்காகக் கிளாசிக் படத்தில் மூன்று மியூட்டும் இரண்டு கட்டும் ஏற்றுக்கொண்டு வருவது நஷ்ட வியாபாரம். ஒத்துவரவில்லை என்றால் மறுஆய்வுக் குழு. அதற்கும் மேல் என்றால் உயர் நீதிமன்றம்தான். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒழித்த பிறகு நடுவில் வேறு படி இல்லை. இருபது முப்பது தியேட்டரில் ஒரு வாரம் ஓட்ட நினைக்கும் விநியோகஸ்தர் ஒரு வசனத்துக்காக ரிட் மனு போடப் போவதில்லை. பழைய படங்களில் வெட்டு சத்தமில்லாமல் நடந்துவிடுவது இதனால்தான்.

மாற்றப் பட்டியலை எழுதும் விதத்திலேயே பாதி வேலை முடியும். “சில காட்சிகள் சேர்க்கப்பட்டன” என்று எழுதினால் குழுவுக்கு முழுப் படத்தையும் பார்க்கத் தோன்றும். ரீல் எண், தொடக்க நேரம், முடிவு நேரம், பழைய நிலை, புதிய நிலை, கூடிய அல்லது குறைந்த நீளம் என்று வரிக்கு வரி இருக்க வேண்டும். கடைசியில் கூட்டிக் கழித்தால் பழைய சான்றிதழின் நீளமும் புதிய டிசிபியின் நீளமும் ஃப்ரேம் அளவில் ஒத்துப்போக வேண்டும். ‘பால்’ வீடியோச் சுருக்கம் போன்ற விளக்கங்களுக்குத் தனி வரி கொடுங்கள், மாற்றத்தோடு கலக்காதீர்கள்.

புகையிலை எச்சரிக்கை தனிச் சங்கதி. அது சான்றிதழ்ச் சட்டத்திலிருந்து வரவில்லை, புகையிலைச் சட்டத்தின் விதிகளிலிருந்து வருகிறது. பழைய படத்தில் சிகரெட் இருந்தால் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் தலா 30 நொடி விழிப்புணர்வுப் படம் போட வேண்டும், பொறுப்பு தியேட்டர் தரப்பில். புதிய படங்களுக்குப் புகைக்கும் காட்சியின்போது திரையின் கீழே நிற்கும் வாசகமும், 20 நொடி ஒலி-ஒளி எச்சரிக்கையும் கூடுதல். மறுவெளியீட்டுக்காரர்கள் பயந்துபோய்ப் பழைய படத்தின் மேலேயே அந்த வாசகத்தை நிரந்தரமாகப் பதித்துவிடுகிறார்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் சப்டைட்டில் அடுக்கில் வையுங்கள். பிம்பத்தில் எரித்துவிட்டால், நாளை காப்பகத்துக்கும் விழாவுக்கும் போகும் மூலப் பிரதியிலும் அந்த எழுத்து இருக்கும்.

கடைசியாக டிசிபி. சான்றிதழ் அட்டை படத் தொடக்கத்தில் 10 நொடி, அதாவது 240 ஃப்ரேம் நிற்க வேண்டும். சான்றிதழ் பல சமயம் வெளியீட்டுக்கு முந்தின நாள்தான் கைக்கு வரும். ஆகவே அட்டையை டிசிபியில் தனி ரீலாக வைத்துக்கொண்டால், அந்தப் பத்து நொடிக்கு மட்டும் துணைப் பொதி அனுப்பி மாற்றிவிடலாம். 200 ஜிபி படத்தை மறுபடி எல்லாத் தியேட்டருக்கும் அனுப்ப வேண்டாம். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஒரே படத்தின் பழைய, புதிய பிளேலிஸ்டுகள் சர்வரில் ஒன்றாகக் கிடக்கும்போது, புதிய அட்டையோடு பழைய பதிப்போ, பழைய அட்டையோடு புதிய பதிப்போ ஓடிவிடும். பிளேலிஸ்ட் பெயரில் சான்றிதழ் தேதியைச் சேர்த்து, பழையதை அழித்துவிட்டதாகத் தியேட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடிடிக்கு இந்த வரிசை எதுவும் கிடையாது. அது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ், நிறுவனமே வயதுப் பிரிவு போட்டுக்கொள்ளும் வேறு வழி. எனவே ஓடிடிக்குத் தயாரித்த கோப்பை வைத்து டிசிபி செய்யும்போது, அதில் வாரியம் பார்க்காத ஒரு ஷாட்கூட இல்லை என்பதைப் பழைய பட்டியலோடு ஒரு முறை ரீல் வாரியாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.